பதினொரு டொலர் நாற்பது சதம்

சாஸ்கட்டூனில் இன்று மறை முப்பத்துநாலு.
பல்கலைக்கழகத் தரிப்பிடத்தில் கார்கள்
மூக்கில் கம்பி மாட்டி
மின்சாரம் குடித்துக்கொண்டு கிடக்கின்றன.
நிலவறையில் என் எலிகளும் அப்படித்தான்:
இருபத்துநாலு எலி, இருபத்துநாலு மண்டையோடு,
ஒவ்வொன்றிலிருந்தும் மேலே ஏறும் ஒரு கம்பி.

இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
திரையில் கோடுகளைப் பார்ப்பது என் வேலை.
கோடு சும்மா ஓடும். மேயும்.
திடீரென்று சிலிர்க்கும், முள்ளம்பன்றி மாதிரி.
உடனே கூட்டுப் பக்கம் திரும்பவேண்டும்.
வாய் மெல்லுகிறதா, ஒன்று.
தலை ஆமாம் ஆமாம் என்கிறதா, இரண்டு.
முன்னங்கால் உதறினால் மூன்று.
எழுந்து நின்றால் நாலு.
நின்று, விழுந்தால் ஐந்து.
ஐந்து என்று எழுதும்போது
என் பேனை கொஞ்சம் அழுத்தும்.
அதைப் பதிய அட்டவணையில் கட்டம் இல்லை.

பாதிக்கு மருந்து, பாதிக்கு உப்புநீர்.
எந்த எலிக்கு எது என்று எனக்குத் தெரியாது.
ஆசைப்பட்ட கண் பொய்க்கணக்கு எழுதும் என்பாள் ஹலினா.
சாவி உறைக்குள், உறை அவள் அலுமாரிக்குள்.

மருந்து புதிதல்ல.
வேறொரு நோய்க்கென்று பிறந்தது, என்னைவிட மூத்தது.
எந்த நோய் என்று சொல்லமாட்டேன்.
சொன்னால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.
குகதாசன் கண்டுபிடித்துவிடுவான்.

குகதாசன் என் ஒன்றுவிட்ட தம்பி,
ஸ்காபரோவில் கூரை போடுகிறவன்.
மகளுக்கு ஒன்பது வயது, மூன்று மருந்து,
கிழமைக்கு நாலைந்து தரம் விழுகிறாள்.
போன மாதம் நீச்சல் வகுப்பில் பேரை வெட்டிவிட்டார்கள்.
முதன்முதல் விழுந்த அன்று
யாரோ சொல்லி, கைக்குள் இரும்பு திணித்தானாம்,
வான் சாவிக்கொத்து.
அடங்கிவிட்டது.
அது தானாய் அடங்குகிற நேரம் என்று விளக்கினேன்.
"சரி அக்கா" என்றான்.
சாவி இன்னும் அவள் தலையணைக்குக் கீழே.

நேற்றுக் கேட்டான்: அந்தக் குளிசைக்கு என்ன பேர்?
எலிக்குத்தான், என்றேன்.
எலிக்கு நல்லதெண்டால் பிள்ளைக்குக் கூடாதோ?
கூடும், கூடாமலும் போகும்,
எவ்வளவு, எத்தனை நாள்,
அந்த மூன்றோடு நாலாவதாய்ச் சேர்ந்தால் ஈரல் என்ன சொல்லும்
என்று இழுத்துக்கொண்டே போனேன்.
அந்தப் பக்கம் பனி வழிக்கும் வண்டியின் சத்தம்.
பிறகு, "உனக்குத் தெரியும், சொல்லமாட்டாய்" என்றான்.
கோபத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உறை பிரித்த மத்தியானம்
கணினியில் இரண்டு தூண் எழும்பின.
ஒன்று நெட்டை.
மற்றது அதன் பாதிக்கும் கீழே.
ஹலினா கதிரையைவிட்டு எழும்பி, மறுபடி இருந்தாள்.
"ஒரு தரம் சரிவந்தால் ஒன்றுமில்லை" என்றாள்.
முகம் அவள் சொல் கேட்கவில்லை.

அடுத்த நாள் மூளையைச் சீவிப் பார்க்கவேண்டும்.
குணமானவையும் ஆகாதவையும்
ஒரே மேசைக்கு வந்தன.
பதினேழாம் இலக்கத்தை,
ஐந்திலிருந்து ஒன்றுக்கு இறங்கி வந்ததை,
நானே தூக்கினேன்.
கைச்சூட்டுக்குள் மூக்கை நுழைத்தது.
இதற்குமேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

வீடு திரும்பும் வழியில், எட்டாம் தெரு மருந்துக்கடை.
மூன்றாம் தட்டு.
இருக்கிறது.
பதினொரு டொலர் நாற்பது சதம், சீட்டுத் தேவையில்லை.
பெட்டியில் யாரோ சிரிக்கிறார்,
வேறெதுவோ சுகமான ஒருவர்.
எடுத்தேன். பின்பக்கப் பொடி எழுத்து முழுக்க வாசித்தேன்.
வலிப்பு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.
வைத்தேன்.
முகம் வெளியே தெரிய நேராக்கியும் வைத்தேன், ஏனோ.

காருக்குள் இருந்து குகதாசனுக்கு ஒரு பேர் அனுப்பினேன்:
ரொறன்ரோவில் ஒரு நரம்பு மருத்துவர்,
ஹலினாவின் பழைய மாணவர்,
காத்திருப்பு ஏழு மாதம்.
அவன் கேட்டது வேறு பேர்.
இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் விழவில்லை.

கிளப்பினேன். முன்னால் ஏதோ தெருவில் உரசியது.
தரிப்பிடத்தில் கழற்ற மறந்த கம்பி,
சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு
இவ்வளவு தூரம் என்னோடு வந்திருக்கிறது.